சுண்டெலிக் கட்டியின் வேதியியலை எம்ஆர்ஐ-யில் அளக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சிறு விலங்கு ஸ்கேனர் அறையிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும். "நேற்று நிறமாலை நன்றாக வந்தது, இன்று வரவில்லை. மெஷின் போய்விட்டதா?" (நிறமாலை என்பது கட்டியில் உள்ள வேதிப்பொருள்கள் தனித்தனி முகடுகளாகத் தெரியும் வரைபடம்.) பெரும்பாலும் மெஷின் போயிருக்காது. காயிலின் (சிக்னலை வாங்கும் சுருளின்) கேபிள் தளர்ந்திருக்கும், ஜெல்லில் காற்று புகுந்திருக்கும், அல்லது எலிக்கு மூச்சு சரியாக ஓடாது. திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகளை அறிகுறிவாரியாக இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், பெரிய செலவு கடைசியில். எண்கள் எல்லாம் 9.4 டெஸ்லா ஸ்கேனருக்கு; அங்கே புரோட்டானுக்கு 1 பிபிஎம் (நிறமாலையில் முகடு நிற்கும் இடத்தைச் சொல்லும் அளவு) என்றால் 400 ஹெர்ட்ஸ். 7 டெஸ்லா என்றால் 300 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதல் கேள்வி: பாட்டிலா, எலியா?

உப்புநீரில் லாக்டேட், கோலின், கிரியேட்டின் (நிறமாலையில் நாம் தேடும் வேதிப்பொருள்கள்) கலந்த ஒரு ஃபேன்டம் பாட்டில், அதாவது சோதனைப் பாட்டில், கைவசம் இருக்க வேண்டும். கிருமி வளராமல் இருக்கக் கொஞ்சம் சோடியம் அசைடு சேர்ப்பார்கள். அது விஷம், லேபிள் ஒட்டாமல் வைக்காதீர்கள். அசைடு சேர்க்காத பாட்டிலில் பாக்டீரியா லாக்டேட்டைத் தின்றுவிடும். கரைசல் கலங்கியிருந்தால் அந்தப் பாட்டிலை நம்பாதீர்கள்.

வாரம் ஒருமுறை அதே பாட்டிலை, அதே காயிலில், அதே இடத்தில் வைத்து மூன்று எண்களை நோட்டில் எழுதுங்கள்: நீர் முகட்டின் அகலம், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், 90 டிகிரி பல்ஸுக்குத் தேவைப்பட்ட பவர்.

கோளாறு வந்த நாளில் எலியை வெளியே எடுத்து, சூடான படுக்கையில் தெளிய வைத்துவிட்டுப் பாட்டிலை வையுங்கள். பாட்டிலிலும் கோளாறு இருந்தால் மெஷின் பக்கம் போங்கள். பாட்டில் நன்றாக வந்தால் எலியின் பக்கம் தேடுங்கள். பத்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் இரண்டு நாள் மெஷினைக் குடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 1: நீர் முகடு அகலமாக இருக்கிறது, மற்ற முகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன

மூளைக்குள் இருக்கும் கட்டியில் 20 ஹெர்ட்ஸ் அருகே வந்தால் மகிழ்ச்சி. தோலுக்கடியில் வளர்க்கும் கட்டியில் 40, 50 என்று வந்தாலும் வேலை நடக்கும். 80-ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள். ஆவரேஜ் (ஒரே அளவீட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கூட்டுவது) கூட்டினால் சரியாகிவிடும் என்று தொடர்வது வீண்.

ஜெல்லும் முடியும். தோலடிக் கட்டி ஒரு மேடு. அதைச் சுற்றிலும் காற்று. அந்த எல்லையில்தான் காந்தப்புலம் கெடுகிறது. முடியைச் சுத்தமாக மழித்து, அல்ட்ராசவுண்ட் ஜெல்லைத் தடவிக் காற்றுக்கு இடமில்லாமல் மூடுங்கள். ஜெல்லைச் சிரிஞ்சில் எடுத்துக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி, குமிழி மேலே வந்து வெடித்த பிறகு தடவினால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். அரைகுறையாக மழித்த முடிக்குள் சிக்கும் நுண்குமிழிகள் கண்ணுக்குத் தெரியாது. வேகமான கிரேடியன்ட் எக்கோ படம் ஒன்று எடுத்தால் கட்டியின் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

ஷிம் செய்த இடம். ஷிம் என்பது காந்தப்புலத்தைச் சீராக்குவது, வாக்ஸெல் என்பது நிறமாலை எடுக்கும் சிறு கனசதுரம். ஷிம் பெட்டியும் வாக்ஸெலும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எலியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் பழைய ஷிம் கோப்பை ஏற்றியிருப்பீர்கள். ஃபீல்ட் மேப்பை (காந்தப்புல வரைபடத்தை) புதிதாக எடுத்து, வாக்ஸெலை விட ஒரு மில்லிமீட்டர் பெரிய பெட்டியில் ஷிம் செய்யுங்கள்.

உலோகம். காதில் உலோக டேக், தையலுக்குப் போட்ட கிளிப், தோலுக்கடியில் வைத்த அடையாளச் சிப். இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். மூளைக் கட்டிகளில் இன்னொன்று உண்டு. ஒருமுறை ஒரு குழுவின் ஆறு எலிகளில் நான்குக்கு மட்டும் ஷிம் நிற்கவே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், செல்களைச் செலுத்த மண்டையோட்டில் போட்ட துளையின் விளிம்பில் ஒரு கறுப்பு வட்டம், கடுகை விடப் பெரிது. தேய்ந்த துளைப்பான் முனையிலிருந்து உதிர்ந்த உலோகத் தூள் எலும்பில் ஒட்டியிருந்தது. நல்ல நிறமாலை தந்த இரண்டு எலிகளுக்கும் புது முனையால் துளைத்திருந்தார்கள். அந்த நான்கு எலிகளுக்கு இனி எதுவும் செய்ய முடியாது. அடுத்த தொகுதிக்கு முனையை மாற்றி, துளையைக் கழுவச் சொன்னேன்.

கட்டியின் உள்ளே இரத்தக்கசிவு. மேலே சொன்ன எதுவும் இல்லை, பாட்டில் நன்றாக வருகிறது, கட்டிக்குள் மட்டும் இருண்ட திட்டுகள் என்றால் கசிந்த இரத்தம்தான். அதை ஷிம் சரிசெய்யாது. வாக்ஸெலைச் சிறியதாக்கித் திட்டுக்கு வெளியே வையுங்கள். ஆனால் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள்: 3 மி.மீ. கனசதுரத்திலிருந்து 2 மி.மீ.க்கு வந்தால் சிக்னல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும். அதே தரம் வேண்டுமென்றால் சுமார் 11 மடங்கு ஆவரேஜ் தேவை. எலி அவ்வளவு நேரம் மயக்கத்தில் இருக்கக் கூடாது.

பாட்டிலிலும் அகலம். ஷிம் மின்னோட்டம் ஏதாவது எல்லையைத் தொட்டு நிற்கிறதா என்று பாருங்கள். காந்தத் துளைக்குள் டார்ச் அடித்துத் தேடுங்கள். ஊசி முனை, ஸ்டேப்லர் பின் என்று உள்ளே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். பின்னை நீங்களே இழுக்க முயலாமல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 2: 1.3 பிபிஎம்மில் மலை மாதிரி ஒரு முகடு, லாக்டேட் எது என்று தெரியவில்லை

கட்டி ஆய்வில் இதுதான் பெரிய தலைவலி. தவறான முடிவுகளும் அதிகம் வருவது இங்கேதான். லாக்டேட் 1.33-இல், கொழுப்பு 1.3-இல். இரண்டும் ஒரே இடம். மலை உயர்ந்தவுடன் "லாக்டேட் கூடிவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள்.

0.9 பிபிஎம் பாருங்கள். அங்கேயும் மேடு இருந்தால் கொழுப்பு இருக்கிறது. லாக்டேட்டுக்கு 0.9-இல் எதுவும் இல்லை.

கொழுப்பு உள்ளேயா, வெளியேயா? தோலடிக் கட்டியைச் சுற்றிக் கொழுப்புப் படலம் இருக்கும். வாக்ஸெல் படத்தில் கட்டிக்குள் இருப்பதாகத் தெரிந்தாலும் கொழுப்புக்கு அது வேறு இடம். நீருக்கும் கொழுப்புக்கும் இடைவெளி ஏறக்குறைய 1,400 ஹெர்ட்ஸ். உங்கள் பல்ஸின் பட்டை அகலம் 5,000 ஹெர்ட்ஸ் என்றால், கொழுப்பின் வாக்ஸெல் பக்க நீளத்தில் கால் பங்குக்கு மேல் தள்ளி நிற்கிறது. 3 மி.மீ. வாக்ஸெலில் அது கிட்டத்தட்ட 0.8 மி.மீ. தோலைத் தொட அது போதும். கிரேடியன்ட்டின் திசையை மாற்றினால் வாக்ஸெல் எதிர்ப்பக்கம் தள்ளும். மாற்றி எடுத்ததும் மலை குறைந்தால் கொழுப்பு வெளியிலிருந்து வந்தது. பட்டை அகலம் கூடிய பல்ஸ் போடுங்கள், சுற்றுப்புறச் சிக்னலை அடக்கும் பட்டைகளை (சேச்சுரேஷன் பேண்ட்) படத்தில் தோல் மீது வையுங்கள்.

எக்கோ நேரத்தை (பல்ஸுக்கும் சிக்னல் எடுப்பதற்கும் இடையே உள்ள நேரத்தை) மாற்றிப் பாருங்கள். 144 மில்லிசெகண்டில் லாக்டேட்டின் இரட்டை முகடு தலைகீழாகும், கொழுப்பு நேராகவே இருக்கும். தெளிவான சோதனை. ஒரு எச்சரிக்கை மட்டும்: உயர்புலத்தில் குறுகிய பட்டைப் பல்ஸ் போட்டிருந்தால் அதே 144-இல் லாக்டேட் பாதி காணாமல் போகும், சில சமயம் முழுதும். "லாக்டேட்டே இல்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன் 288-இல் ஒருமுறை எடுங்கள். அங்கே நேராக நிற்கும், சிக்னல் குறைவாக இருந்தாலும்.

இவ்வளவுக்கும் மசியாத கொழுப்பு. செத்துப்போன திசு உள்ள கட்டியில் கொழுப்புத் துளிகள் கட்டிக்குள்ளேயே இருக்கும். வாக்ஸெலை எப்படி நகர்த்தினாலும் போகாது. அப்போது லாக்டேட்டை மட்டும் பிரித்தெடுக்கும் எடிட்டிங் சீக்வென்ஸ் (ஸ்கேனருக்கான பல்ஸ் நிரல்) தேவை. அது உங்கள் ஸ்கேனரில் இல்லை என்றால் சீக்வென்ஸ் எழுதத் தெரிந்தவரைத் தேடுங்கள். மென்பொருள் உரிமம், வேலை நாட்கள் என்று செலவுள்ள வழி இது. அதுவரை அந்த முகட்டை "லாக்டேட்டும் கொழுப்பும்" என்றே அறிக்கையில் எழுதுங்கள்.

## அறிகுறி 3: லாக்டேட் உண்மைதான், ஆனால் எலிக்கு எலி தாறுமாறாக மாறுகிறது

மெஷினில் தேடாதீர்கள். எலியைப் பாருங்கள்.

மூச்சு. ஐசோஃப்ளூரேனில் நிமிடத்துக்கு 40 முதல் 80 வரை மூச்சு ஓட வேண்டும். 25-க்கு இறங்கிய எலியில் அளந்த வேதியியல், மயக்க மருந்தின் வேதியியல். மூளைக் கட்டி என்றால் இன்னும் கவனம்: ஐசோஃப்ளூரேன் தானாகவே சுண்டெலி மூளையில் லாக்டேட்டை ஏற்றும். எல்லா எலிக்கும் மயக்கம் தொடங்கியதிலிருந்து ஸ்கேன் வரை ஒரே கால இடைவெளி வையுங்கள்.

சூடு. ஆசனவாய் வெப்பமானியில் 36.5 முதல் 37. வெந்நீர்ப் படுக்கையின் பம்பில் தண்ணீர் குறைந்தால் முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியாது.

எந்த வாயு? ஒரு குழுவுக்குக் காற்று, இன்னொரு குழுவுக்குத் தூய ஆக்சிஜன் என்றால் கட்டிகள் ஒப்பிடக்கூடியவை அல்ல. சிலிண்டர் தீர்ந்த நாளில் யாராவது மாற்றி இணைத்திருப்பார்கள். நோட்டில் எழுதும் பழக்கம் வேண்டும்.

கட்டி நசுங்குகிறதா? இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. விலாக் கட்டி உள்ள எலிகளில் சிலவற்றுக்கு மட்டும், ஸ்கேன் நீள நீள, லாக்டேட் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் ஸ்கேன் முடிந்ததும் எலியை உடனே படுக்கையிலிருந்து எடுக்காமல், குனிந்து கட்டியைப் பார்த்தேன். அசையாமல் இருக்க ஒட்டிய டேப் கட்டியின் குறுக்கே ஒரு பள்ளம் போட்டிருந்தது. பள்ளத்தின் ஒரு பக்கம் தோல் வெளிறிக் கிடந்தது. டேப்பை உரித்ததும் சில நொடிகளில் அந்த இடம் சிவந்தது. இரத்த ஓட்டத்தை நாங்களே நிறுத்தி வைத்துவிட்டு, கட்டி மூச்சுத் திணறுகிறது என்று எழுதிக்கொண்டிருந்தோம். டேப்பை இடுப்பு எலும்பின் மேலும் தோளின் மேலும் மட்டும் ஒட்டினோம், காயிலைக் கட்டியைத் தொடாத உயரத்தில் நிறுத்தினோம். ஏற்றம் நின்றது. கட்டியின் மேலேயே எலியைப் படுக்க வைப்பதும் இதே தவறுதான்.

கால்நடை மருத்துவரைக் கூப்பிட: மூச்சு 30-க்குக் கீழே போய், மருந்தைக் குறைத்தும் ஒரு நிமிடத்தில் ஏறவில்லை, கட்டியின் தோல் புண்ணாகி உடைந்திருக்கிறது, எலி கண்ணுக்குத் தெரிய மெலிந்திருக்கிறது. இந்த மூன்றில் எதுவானாலும் ஸ்கேனை நிறுத்துங்கள். அந்த எலியிடமிருந்து இன்னொரு தரவுப் புள்ளி கேட்கும் உரிமை அப்போது நமக்கு இல்லை.

## அறிகுறி 4: முகடுகள் ஸ்கேன் நடுவே நகர்கின்றன, கூட்டிய பின் மங்கிவிடுகின்றன

ஆவரேஜ்களைத் தனித்தனியாகச் சேமியுங்கள். கூட்டிய பிறகு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரே திசையில் மெல்ல நகர்ந்தால் எலி குளிர்கிறது, அல்லது காந்தப்புலம் நகர்கிறது. நீர் முகடு ஒரு டிகிரிக்கு 0.01 பிபிஎம் நகரும். 37-லிருந்து 33-க்கு இறங்கினால் 16 ஹெர்ட்ஸ். ஆனால் கோலினும் கொழுப்பும் அப்படி நகராது. ஆகவே எல்லா முகடுகளும் சேர்ந்து நகர்ந்தால் புலம், நீர் மட்டும் நகர்ந்தால் சூடு. புலம் நகர்வது பெரும்பாலும் கனமான கிரேடியன்ட் ஸ்கேன் முடிந்த கையோடு வரும். பத்து நிமிடம் விட்டு எடுங்கள்.

முன்னும் பின்னும் துள்ளினால் மூச்சு. மூச்சுப் பட்டை எலியின் வயிற்றுக்கடியில் சரியாக இருக்கிறதா பார்த்து, கேட்டிங்கை (மூச்சோடு ஒத்து அளப்பதை) இயக்குங்கள். ஒவ்வொரு ஆவரேஜையும் அதிர்வெண்ணும் ஃபேஸும் திருத்திக் கூட்டினால் மீதியும் மீளும்.

## அறிகுறி 5: சிக்னல் பலவீனம், அல்லது இரைச்சலில் கூரான கம்பிகள்

கேபிளை இறுக்குங்கள். எலியை வைத்த பிறகு காயிலை மறுபடி டியூன், மேட்ச் செய்தீர்களா? பாட்டிலுக்குச் செய்தது எலிக்குப் பொருந்தாது. நோட்டில் உள்ளதை விட 90 டிகிரி பல்ஸ் பவர் 3 டெசிபெல் கூடிவிட்டதென்றால் காயிலையோ கேபிளையோ சந்தேகியுங்கள். உதிரிக் காயில் இருந்தால் மாற்றிப் பாருங்கள்.

கம்பி போன்ற இரைச்சல் என்றால் பல்ஸ் இல்லாமல் வெறும் இரைச்சலை எடுத்துப் பாருங்கள். கம்பி அப்படியே இருந்தால், அறைக்குள் போகும் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்: வெப்பமானி, மூச்சு மானிட்டர், ஹீட்டர். எதைக் கழற்றும்போது மறைகிறதோ அதுதான். அறைக் கதவு முழுதாக மூடியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். எதற்கும் மறையவில்லை, பாட்டிலிலும் விகிதம் பாதியாகிவிட்டது என்றால் பிரீஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்கும் கருவி). அது இன்ஜினியர் வேலை.

## அறிகுறி 6: பாஸ்பரஸ் நிறமாலையில் அமிலத்தன்மை நம்ப முடியாத எண்ணாக வருகிறது

உயிருள்ள எலியின் கட்டியில் பாஸ்பரஸ் நிறமாலையை 1981-இலேயே எடுத்துவிட்டார்கள். அன்றிருந்த இரண்டு தொல்லைகள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

முதலாவது தசைக் கலப்பு. பாஸ்போகிரியேட்டின் முகடு மற்றவற்றுக்கு மேல் ஓங்கி நின்றால் கட்டியோடு தொடைத் தசையையும் அளக்கிறீர்கள். பல கட்டிகளில் அது சிறிதாகத்தான் இருக்கும். சர்ஃபேஸ் காயிலை நகர்த்துங்கள், அல்லது இடம் பிரிக்கும் சீக்வென்ஸுக்கு மாறுங்கள்.

இரண்டாவது, எங்கிருந்து அளப்பது. பாஸ்போகிரியேட்டினை 0 பிபிஎம் என்று வைத்துத்தான் கனிமப் பாஸ்பேட்டின் தூரத்தை அளந்து, அதிலிருந்து பிஎச்-ஐ (அமிலத்தன்மையை) கணக்கிடுகிறோம். அந்த பாஸ்போகிரியேட்டின் தசையிலிருந்து வந்ததாக இருந்தால், அது கட்டியின் புலத்தில் இல்லை, கணக்கு பிசகும். கட்டியில் அது தென்படாவிட்டால் மைனஸ் 7.5 பிபிஎம் அருகே உள்ள ஏடிபியின் ஆல்ஃபா முகட்டை ஆதாரமாக வையுங்கள். எவ்வளவு பிசகும் என்று கேட்டால்: பிஎச் 6.75 அருகே 0.1 மாற்றம் என்பது ஏறக்குறைய 0.14 பிபிஎம், அதாவது 9.4 டெஸ்லாவில் 23 ஹெர்ட்ஸ்தான். முகடு 50 ஹெர்ட்ஸ் அகலமாக இருக்கும்போது இரண்டாம் தசமத்தை எழுதுவது நியாயமில்லை.

இன்னொன்றும் மறக்காதீர்கள். கனிமப் பாஸ்பேட் முகடு பெரும்பாலும் செல்லுக்கு உள்ளே உள்ளதைச் சொல்கிறது. கட்டியில் அமிலம் தேங்குவது செல்லுக்கு வெளியே. பிஎச் 7.1 வந்தவுடன் "கோளாறு" என்று என்னிடம் வருகிறார்கள். அது கோளாறே இல்லை. வெளிப்புறம் வேண்டுமென்றால் செல்லுக்குள் நுழையாத குறிகாட்டியை ஊசியில் செலுத்த வேண்டும்.

## அறிகுறி 7: ஹைப்பர்போலரைஸ்ட் பைருவேட் செலுத்தியும் ஒன்றும் தெரியவில்லை

ஹைப்பர்போலரைஸ்ட் பைருவேட் என்பது போலரைசர் என்ற கருவியில் சிக்னலைப் பெருமளவு கூட்டிய கார்பன்-13 பைருவேட். கட்டி அதை லாக்டேட்டாக மாற்றுவதைத்தான் பார்க்கிறோம். இங்கே மறுமுயற்சி கிடையாது. கரைத்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். ஒரு நிமிடத்தில் சிக்னல் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும், உடலுக்குள் அதைவிட வேகமாக. ஆகவே சோதனைகளை ஊசி போடுவதற்கு முன்பே முடியுங்கள்.

குழாயின் உள்ளளவு. பலர் கணக்குப் போடாத இடம். 0.58 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் ஒரு மீட்டர் நீளத்தில் 0.26 மி.லி. பிடிக்கும். சுண்டெலிக்கு நீங்கள் தள்ளுவதே 0.2, 0.3 மி.லி.தான். அதாவது மருந்து குழாயிலேயே நிற்கிறது. எலிக்குள் போனது முன்பிருந்த உப்புநீர். 0.28 மி.மீ. குழாய் என்றால் அதே நீளத்துக்கு 0.06 மி.லி. மட்டுமே.

வால் சிரை (இரத்தக்குழாய்). தள்ளும்போது கை இறுக்கத்தை உணர்ந்தால், வாலில் ஊசி முனைக்கருகே வெள்ளையாக வீங்கினால், சிரைக்கு வெளியே போகிறது. முன்கூட்டியே சிறிது உப்புநீர் தள்ளிப் பாருங்கள்.

கார்பன் அதிர்வெண்ணும் பவரும். செறிவூட்டிய கார்பன் அடங்கிய சிறு குப்பியைக் காயிலுக்கருகே வைத்து அளந்துகொள்ளுங்கள்.

எஞ்சிய கரைசல். சிரிஞ்சில் மிஞ்சியதை வெளியே உள்ள சிறு போலரிமீட்டரில் அளந்தால், குறை போலரைசரிலா எலியிலா என்று உடனே தெரியும். அங்கேயே குறைவு என்றால் மாதிரி தயாரிப்பு, கரைசலில் உலோக அயனிகளைப் பிடிக்கும் ஈடிடிஏ, போலரைசருக்கும் காந்தத்துக்கும் இடையே நடந்த பாதை என்று வரிசையாகப் பாருங்கள். போலரைசரின் உட்புறத்தை மட்டும் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

சிக்னல் வந்து சட்டென்று மறைந்தால் பல்ஸ் கோணத்தைச் சந்தேகியுங்கள். 10 டிகிரியில் 30 பல்ஸ் கொடுத்தால் 60 சதவீதத்துக்கு மேல் மிஞ்சும். பவர் அளவு தவறி அது உண்மையில் 20 டிகிரியாக இருந்தால், மிஞ்சுவது 16 சதவீதத்துக்கும் கீழே. கட்டி வேகமாக உண்கிறது என்று தோன்றும், உண்டது பல்ஸ்.

லாக்டேட் என்று நினைத்த முகடு 183 பிபிஎம்மில் இருக்கிறதா, 179-இலா? 179 பைருவேட் ஹைட்ரேட், வெறும் குழாயிலும் வரும். அதற்கும் உயிருக்கும் தொடர்பில்லை.

## எப்போது இன்ஜினியருக்கு உடனே போன் செய்ய வேண்டும்

ஹீலியம் அளவு வழக்கத்தை விட வேகமாக இறங்குகிறது. கிரேடியன்ட் குளிர்விப்பான் அலாரம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆம்ப்ளிஃபையர் பிரதிபலிப்புக் கோளாறு காட்டி நிற்கிறது. காயிலில் கருகிய வாசனை. இந்த நான்கிலும் "இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்போம்" வேண்டாம். எலியை முதலில் வெளியே எடுங்கள், பிறகு போனை எடுங்கள்.

மற்றபடி அவரைக் கூப்பிடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: இன்று எடுத்த பாட்டில் நிறமாலை, கடைசியாக நன்றாக வந்த நாளின் பாட்டில் நிறமாலை, அந்த மூன்று எண்கள், இடையில் யார் எதை மாற்றினார்கள் என்ற நோட்டுப் பக்கம். நான்கும் இருந்தால் பல நேரம் அவர் போனிலேயே இடத்தைக் காட்டிவிடுவார்.